ஹைராக்ஸ்: ஓடப் போகும் பிள்ளைகளுக்கும் அனுப்பும் பெற்றோருக்கும்



போன மாதம் இஷா தொழுகை முடிந்து டிரஸ்ட் அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில் நமது மஹல்லா இளைஞர்கள் இருவர் வந்தார்கள். "பாய், ஹைராக்ஸ் என்று ஒரு பந்தயம். ஜோடியாகப் பெயர் கொடுக்க நினைக்கிறோம். வீட்டில் பயப்படுகிறார்கள். அத்தாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்கள்.

தெரியாத ஒன்றுக்குச் சிபாரிசு செய்வது முறையல்ல. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகன் நண்பர்களோடு போட்டி போட்டுக்கொண்டு, பழக்கமே இல்லாமல் ஒரே மாலையில் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழுந்தான். மறுநாள் படி இறங்க முடியவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனது. தசைநார்கள் சிதைந்து, அதன் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது என்றார் டாக்டர். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, அல்லாஹ்வின் கிருபையால் தப்பினான். அவனுக்கு உடலில் பலக்குறைவு இல்லை, பொறுமைதான் இல்லை. நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

இது என்ன பந்தயம்?

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2017-ல் உருவானது. தொடங்கியவர்களில் ஒருவர் கிறிஸ்டியன் டோட்ஸ்கே. மற்றவர் மோரிட்ஸ் ஃபுயர்ஸ்டே, 2008, 2012 ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்காக ஹாக்கியில் தங்கம் வென்றவர். இந்தியாவில் முதன்முதலாக 2025 மே 3 அன்று மும்பை நெஸ்கோ அரங்கிலும், அதே ஆண்டு ஜூலையில் டெல்லியிலும் நடந்தது.

கூரைக்குள் நடக்கும் இந்தப் பந்தயத்தின் அமைப்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஒரு கிலோமீட்டர் ஓட்டம், பிறகு ஒரு பலப் பயிற்சி. இப்படி எட்டு முறை. பயிற்சிகளின் வரிசை இது:

1. பனிச்சறுக்குபோல் கயிறுகளைக் கீழே இழுக்கும் இயந்திரம், 1,000 மீட்டர்
2. எடை ஏற்றிய ஸ்லெட்டைத் தள்ளுதல், 50 மீட்டர்
3. ஸ்லெட்டைக் கயிற்றால் இழுத்தல், 50 மீட்டர்
4. நெஞ்சு தரையில் படப் படுத்து, எழுந்து, முன்னால் தாவுதல், 80 மீட்டர்
5. துடுப்பு இயந்திரம், 1,000 மீட்டர்
6. இரு கையிலும் எடை தூக்கி நடத்தல், 200 மீட்டர்
7. தோளில் மணல் மூட்டையோடு, பின்கால் முட்டி தரையைத் தொடும்படி எட்டு வைத்து நடத்தல், 100 மீட்டர்
8. உட்கார்ந்து எழுந்து, கனமான பந்தைச் சுவரின் குறியில் எறிதல்

சாதாரணப் பிரிவில் ஆண்கள் கைக்கு 24 கிலோவும், பெண்கள் 16 கிலோவும் தூக்கி நடக்க வேண்டும். மணல் மூட்டை ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 10 கிலோ. வயது 16 நிறைந்திருக்க வேண்டும். இவ்வளவு நேரத்தில் முடிக்க வேண்டும் என்ற கெடு கிடையாது. பலருக்கு ஒன்றரை மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகும். முதல்முறை போகிறவர்களுக்கு ஜோடிப் பிரிவு நல்லது. இருவரும் எட்டு கிலோமீட்டரையும் சேர்ந்தே ஓட வேண்டும். பயிற்சிகளை மட்டும் பங்கிட்டுக்கொள்ளலாம். நால்வர் சேர்ந்து செய்யும் தொடர் பிரிவும் உண்டு.

முதலில் டாக்டர், பிறகு பதிவு

நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. இருப்பது தெரியாமலே நடமாடுகிறவர்களும் பலர். ஆகவே இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 35 வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்களும் டாக்டரிடம் பந்தயத்தைப் பற்றிச் சொல்லி, என்ன பரிசோதனை தேவை என்று கேளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கேட்காமல் தொடங்கவே கூடாது.

பன்னிரண்டு வாரங்கள்

பலர் எடையைப் பார்த்தே பயப்படுகிறார்கள். ஆனால் பந்தய நேரத்தில் பெரும்பகுதி ஓட்டத்தில்தான் போகிறது. அதனால் வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் பலப் பயிற்சி, இரண்டு நாள் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நான்கு வாரம்: இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி அரை மணி நேரம். பலப் பயிற்சி நாளில் எடை எதுவும் இல்லாமல் உட்கார்ந்து எழுவது, தண்டால், எட்டு வைத்து நடப்பது. பத்துப் பத்தாக மூன்று சுற்று.

அடுத்த நான்கு வாரம்: பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகத்தில், நிற்காமல் நான்கைந்து கிலோமீட்டர். இப்போது எடை சேர்க்கலாம். அதற்குத் தேவையானது வீட்டிலேயே இருக்கிறது. பிடி வைத்த 20 லிட்டர் தண்ணீர் கேன் நிறைந்தால் 20 கிலோ. பாதி நிரப்பித் தொடங்கி, வாரம் இரண்டு லிட்டராகக் கூட்டுங்கள். மணல் மூட்டைக்குப் பதில் 10 கிலோ அரிசி மூட்டை, சுவர்ப் பந்துக்குப் பதில் 5 கிலோ பை. மொட்டை மாடி போதும்.

ஒன்பது முதல் பதினோராம் வாரம்: இரண்டையும் சேருங்கள். ஒரு கிலோமீட்டர் ஓடி, மூச்சு வாங்கும்போதே இருபது முறை உட்கார்ந்து எழுந்து, உடனே மறுபடி ஓடுங்கள். கால் கல்லாய்க் கனக்கும். பந்தயத்தில் படப்போகும் கஷ்டம் அதுதான். உடம்புக்கு அது முன்பே பழகியிருக்க வேண்டும். நான்கு சுற்றில் தொடங்கி ஆறு வரை போதும். ஸ்லெட்டும் துடுப்பு இயந்திரமும் உள்ள ஜிம்முக்கு இந்த வாரங்களில் சில நாள் போய்ப் பழகிக்கொள்ளுங்கள்.

கடைசி வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். கடைசி இரண்டு நாள் முழு ஓய்வு.

நம் பகுதியில் ஃபஜ்ருக்குப் பிறகான நேரமே ஓட ஏற்றது. ரேடியல் சாலையிலும், மெட்ரோ வேலை நடக்கும் மேடவாக்கம் சாலையிலும் ஓட வேண்டாம். உள் தெருக்களே பாதுகாப்பு. நோன்பு மாதத்தில் கடும் பயிற்சியை நிறுத்தி, இஃப்தாருக்கு முன் மெதுவான நடையோடு முடித்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளும் இதில் கலந்துகொள்ளலாம். முழுக்கைச் சட்டை, தளர்ந்த பேண்ட், வியர்வை உலரும் துணியில் தைத்த ஹிஜாப் ஆகியவற்றோடு ஓட முடியும். தொங்கும் துணி மட்டும் வேண்டாம். கயிறு இழுக்கும்போதும் துடுப்பு இயந்திரத்திலும் சிக்கிக்கொள்ளும்.

பந்தய நாளில்

முந்தின இரவு பிரியாணி விருந்து வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு முன் இட்லியும் வாழைப்பழமும் போதும். பிறகு இரண்டு பேரீச்சம்பழம். யாரோ சொன்ன பவுடரையும் மாத்திரையையும் தொடாதீர்கள். முதல் கிலோமீட்டரில் கூட்டத்தோடு பாய்பவர்கள் ஸ்லெட்டில் நின்றுவிடுகிறார்கள், மெதுவாகத் தொடங்குங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவக் குழுவிடம் போங்கள். அதில் எந்த அவமானமும் இல்லை. அடுத்த நாட்களில் சிறுநீர் கருத்தாலோ, தசை வீங்கித் தாங்க முடியாத வலி இருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்: பதிவுக் கட்டணம், ரயில், தங்குமிடம் எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள். கடன் வாங்கிப் போகும் அளவுக்கு இது அவசியமில்லை. வசதி இல்லாவிட்டாலும் பன்னிரண்டு வாரப் பயிற்சியைச் செய்யட்டும். பதக்கம் கிடைக்காது, அந்த உடல்நலம் கிடைக்கும்.

அந்த இளைஞர்களில் ஒருவரின் அத்தாவிடம் பேசினேன். டாக்டரைப் பார்ப்பது, பன்னிரண்டு வாரம் முடிக்காமல் பணம் கட்டாதது, தொழுகையும் வேலையும் கெடாதது என்று மூன்று நிபந்தனை போட்டார். மகனோடு தானும் டாக்டரிடம் போனார். அங்கே அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்தது. இப்போது ஃபஜ்ருக்குப் பின் மகன் ஓடுகிறான், பின்னால் அவர் நடக்கிறார். நானும் திங்கட்கிழமையிலிருந்து அவரோடு நடக்கிறேன். விரும்புகிறவர்கள் பள்ளிவாசல் வாசலில் வந்து சேர்ந்துகொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்