வீட்டுக் கொட்டகையில் ஒரு வானூர்தி



குளுவாங் இராணுவ முகாமிலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டர் நம் செம்பனைக் காட்டுக்கு மேலே செல்லும்பொழுது வகுப்பில் பாடம் சற்று நின்றுபோவது வழக்கம். அண்மையில் அவ்வாறு நின்றபொழுது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஆகாய விமானத்தை வீட்டிலேயே செய்ய முடியுமா?" என்று வினவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. செய்தவர்கள் இருக்கிறார்கள், எவ்வாறு செய்தார்கள் என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதலானேன்.

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தவர் சஜி தாமஸ். பிறவியிலேயே காது கேளாதவர். வாய் பேச இயலாதவர். ஏழாம் வகுப்புக்கு மேல் பள்ளி செல்லாதவர். அவ்வட்டாரத்திலும் ரப்பர்த் தோட்டங்கள் மிகுதி. மழைக்காலத்தில் பால்மரத்து இலைகளை உதிர்க்கும் பூஞ்சண நோயைத் தடுக்க, அங்கே ஹெலிகாப்டரிலிருந்து மருந்து தெளித்துவந்தார்கள். சிறுவனாக இருந்தபொழுது அக்காட்சியைக் கண்ட சஜிக்கு வானூர்தியின்மேல் தீராத ஆசை பிறந்தது. மின்வேலை, புகைப்படத் தொழில் முதலியவற்றைச் செய்து பிழைத்துக்கொண்டே, பல ஆண்டுகள் உழைத்து இலேசான சிறு விமானம் ஒன்றைத் தம் கையாலேயே உருவாக்கினார். முதல் முயற்சி வெற்றி பெறவில்லை. இரண்டாவதாகக் கட்டிய விமானம் 2014-ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறில் வானேறியது. அதை ஓட்டிப் பார்த்தவர் ஓய்வு பெற்ற விமானப்படை அதிகாரி எஸ்.கே.ஜே. நாயர். இவ்வரலாற்றைத் தழுவி 2017-இல் மலையாளத்தில் 'விமானம்' என்ற திரைப்படமும் வெளிவந்தது.

சஜி தாமஸ் உதிரிப் பொருள்களைத் தாமே தேடிச் சேர்த்தார். ஆயினும் வீட்டில் விமானம் கட்டுவோரிற் பெரும்பாலோர் வேறொரு வழியைப் பின்பற்றுகின்றனர். விமானத்தின் பாகங்களைப் பெட்டிகளில் அடுக்கி, வரைபடங்களுடனும் செய்முறை நூலுடனும் விற்கும் தொழிற்சாலைகள் உள்ளன. வாங்குபவர் அவற்றைத் தம் கார்க் கொட்டகையில் வைத்துத் தாமே பொருத்துவார். கேரளத்திற் பிறந்து இங்கிலாந்தில் வாழும் பொறியாளர் அசோக் தாமராட்சன் அவ்வாறு கட்டியவரே. தென்னாப்பிரிக்காவில் தயாராகும் 'ஸ்லிங்' என்னும் நால்வர் அமரும் விமானத்தின் பாகங்களை வரவழைத்து, 2020-இல் கொரோனா ஊரடங்குக் காலத்தில், வீட்டுத் தோட்டத்தில் வேலையைத் தொடங்கினார். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது பறந்தது. செலவு ஏறத்தாழ 1,40,000 பவுண்டு எனச் செய்திகள் கூறின. நம்மில் எவருக்கும் எட்டாத தொகை. ஆகவேதான் சஜி தாமஸை முதலிற் சொன்னேன்.

இனி, கொட்டகைக்குள் நடப்பதைக் காண்போம்.

ரப்பர் இலை ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்திற்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். காம்பிலிருந்து நுனிவரை ஒரு நடுநரம்பு. அதிலிருந்து இருபுறமும் கிளைநரம்புகள். அவற்றின்மேல் மெல்லிய பசுந்தோல். விமானத்தின் இறக்கையும் இத்தகையதே. நீளவாட்டில் செல்லும் உறுதியான சட்டமே நடுநரம்பு. குறுக்கே நிற்கும் விலாச் சட்டங்கள் கிளைநரம்புகள். அவற்றின்மேல் போர்த்தப்படும் அலுமினியக் கலவைத் தகடே தோல். தகடு மிக மெல்லியது. தனியாகக் கையில் எடுத்தால் எளிதில் வளையும். மூன்றும் ஒன்றாகப் பிணைக்கப்பட்ட பின்னரே, பல நூறு கிலோ எடையை வானில் தாங்கும் வலிமை பிறக்கிறது.

பிணைப்பதற்குப் பயன்படுபவை ரிவெட் ஆணிகள். ஒரு விமானத்திற்கு அவை ஆயிரக்கணக்கில் தேவைப்படும். முதலில் தகட்டையும் சட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தற்காலிகப் பிடிப்புகளால் இறுக்கித் துளைகளைச் சரிபார்ப்பார்கள். பின்பு மறுபடியும் பிரித்து, ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் உள்ள பிசிறுகளை நீக்குவார்கள். அதன் பின்னரே ஆணி அடிப்பது. பொருத்தியதை மீண்டும் பிரிக்க வேண்டுமா என்று தோன்றலாம். மிட்டாய்ப் பொட்டலத்தைக் கிழிக்க முடியாமல் திண்டாடும்பொழுது, ஓரத்தில் சிறு வெட்டு ஒன்று விழுந்துவிட்டால் அது சரேலெனக் கிழிந்துவிடுகிறதன்றோ? உலோகத் தகட்டிலும் அப்படித்தான். விரலுக்குத் தட்டுப்படும் அளவு பிசிறும் கீறலும், ஆண்டுக்கணக்கான அதிர்வில் விரிசலாக வளரக்கூடும்.

மரையாணிகளை முறுக்குவதற்கும் அளவுண்டு. தளர்வாக இருந்தால் கழன்றுவிடும்; மிகையாக முறுக்கினால் ஆணி உள்ளுக்குள்ளேயே நைந்துவிடும். ஆகவே விசையின் அளவைக் காட்டும் ஸ்பேனரால் முறுக்கி, அதன்மேல் வண்ணக் கோடு ஒன்று இடுவார்கள். பின்னொரு நாள் அக்கோடு பிசகியிருந்தால் ஆணி நகர்ந்துவிட்டது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இறக்கையை மூடிவிட்டால் உட்புற வேலையை எளிதில் காண இயலாது. அதனால், மூடுவதற்கு முன்னரே அனுபவமுள்ள ஒருவரை அழைத்து உள்ளே காட்டிவிட வேண்டும். இங்கிலாந்தில் இதற்கென நியமிக்கப்பட்ட பரிசோதகர்கள் உள்ளனர். கட்டுபவர் ஒவ்வொரு நாளும் செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுதி, நிழற்படமும் எடுத்து வைக்கிறார். அமெரிக்காவில், விமானத்தைக் கட்டும் வேலையிற் பாதிக்கு மேற்பட்டதைத் தொழிலாக அல்லாமல் ஆர்வத்திற்காகவே செய்தவர்களுக்குத்தான் 'வீட்டில் கட்டிய விமானம்' என்ற உரிமை கிடைக்கும். அதற்கும் அக்குறிப்பேடே சாட்சி.

இத்தனை கெடுபிடி எதற்கு? 1934-ஆம் ஆண்டில் ஆன்றி மிஞே என்ற பிரெஞ்சுக்காரர், எவரும் தாமே கட்டிக்கொள்ளத்தக்க சின்னஞ்சிறு விமானத்தின் செய்முறையை நூலாக வெளியிட்டார். மரமும் துணியும் சிறு எஞ்சினும் போதும். ஆங்கிலேயர் அதைப் 'பறக்கும் தெள்ளு' என்று அழைத்தனர். பிரான்சிலும் இங்கிலாந்திலும் பலர் ஆர்வத்துடன் கட்டிப் பறந்தனர், சிலர் மாண்டனர். 1936-இல், பெரிய காற்றுச் சுரங்கத்தில் அதை வைத்துச் சோதித்தபொழுதுதான் காரணம் விளங்கியது. முன்னும் பின்னுமாக அமைந்த அதன் இரு இறக்கைகளும் மிக நெருங்கி இருந்தமையால், மூக்கு ஓர் அளவுக்குமேல் தாழ்ந்துவிட்டால் மீண்டும் நிமிர்த்த முடியாமற் போயிற்று. கட்டியவர்களின் கைவேலையில் குற்றமில்லை. வடிவமைப்பிலேயே பிழை ஒளிந்திருந்தது. அத்தகைய பிழையைத் தனியொருவர் கொட்டகையிலிருந்து கண்டுபிடித்தல் அரிது. நம் நாட்டிலும் விமானத்தைப் பறக்கவிட, 2018-இல் தொடங்கப்பட்ட மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

வேடிக்கையான தொல்லை ஒன்றும் உண்டு. மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ், தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். 2016-இல் அதைக் கண்காட்சிக்கு எடுத்துச் செல்லப் பாகம் பாகமாகப் பிரித்துப் பளுதூக்கியால் கீழே இறக்க வேண்டியதாயிற்று. அரசின் பதிவு கிடைத்தது 2017-இல். கொட்டகையில் தொடங்குவோர் முதலில் வாசலை அளந்துகொள்வது நலம்.

எல்லாம் பொருத்தியாயிற்று. அடுத்து எடை பார்த்தல். இதைக் காண்டா வாளி சுமந்த நம் பெரியவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு வாளியில் பால் 20 கிலோ, மற்றொன்றில் 15 கிலோ என்றால், கம்பின் நட்டநடுவில் தோள் கொடுத்தால் சாய்ந்துவிடும். கனமான வாளி தோளிலிருந்து 60 சென்டிமீட்டரிலும், இலேசானது 80 சென்டிமீட்டரிலும் இருந்தால் சமநிலை வரும். 20-ஐ 60-ஆல் பெருக்கினாலும் 15-ஐ 80-ஆல் பெருக்கினாலும் 1,200 வருவதைச் சரிபாருங்கள். விமானத்தின் மூன்று சக்கரங்களையும் மூன்று தராசுகளின்மேல் நிறுத்தி, இதே பெருக்கலைச் செய்துதான் அதன் பாரமையத்தைக் காண்கின்றனர். மையம் அளவுக்குமேல் வாற்பக்கம் சென்றுவிட்டால் மூக்கு மேல்நோக்கித் திமிறும். ஓட்டுபவர் கட்டுப்பாட்டை இழப்பார். பின்னிருக்கையில் ஆள் ஏறும்பொழுதும் பெட்டி வைக்கும்பொழுதும் கணக்கு மாறும் என்பதால், அவற்றையும் முன்னரே போட்டுப் பார்த்துவிடுவார்கள்.

முதற் பறப்பின்போது பயணிகள் எவரையும் ஏற்றுவதில்லை. தேர்ந்த விமானி ஒருவர் ஓடுதளத்தில் முதலில் ஓட்டி மட்டும் பார்ப்பார். பின்பு எழும்பி, ஓடுதளத்தைக் கண்ணிலிருந்து தவறவிடாமல் ஒரு சுற்று வந்து இறங்குவார். உடனே மூடிகளைக் கழற்றி, எண்ணெய்க் கசிவையும் ஆணிகளின் வண்ணக் கோடுகளையும் பார்ப்பார்கள். அமெரிக்காவில் இவ்வாறு 25 முதல் 40 மணி நேரம் வரை சோதனையாகப் பறந்து முடித்த பின்னரே பிறரை ஏற்றிச் செல்வது வழக்கம். அசோக் தாமராட்சனின் விமானமும் தன் சோதனைகளை முடித்து உரிமம் பெற்றது. பதிவெழுத்துகளில் தம் மகளின் பெயரையே அவர் அமைத்திருந்தார். அதன் பிறகே அவர்கள் அதில் ஏறி ஐரோப்பிய நாடுகளைச் சுற்றி வந்தனர்.