மண் குடித்த நீர், திரி குடித்த மெழுகு

கம்மாபுரத்தில் நின்றால் கிழக்கே நெய்வேலிச் சுரங்கம், மேற்கே விருத்தாசலத்துச் சூளைகள். பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டிய இடத்தில் வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. அந்த மண்ணை நம்பி விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் எழுந்தது. பொம்மை, ஃப்யூஸ் கட்டை, கார்த்திகைக்கு அகல் என்று இன்றும் நடக்கிறது. வீட்டில் மெழுகுவத்தி வார்ப்பவர்கள் பெரும்பாலும் கண்ணாடி ஜாடியைத்தான் தேடிப் போகிறார்கள். இந்த மண்ணில் செய்த ஒரு சின்னக் கிண்ணத்தையும் ஒரு பஞ்சுத் திரியையும் கையில் எடுத்துப் பார்க்கட்டும். படைப்பின் பெரிய ரகசியம் ஒன்று அந்த இரண்டிலும் குடியிருக்கிறது.

வெள்ளைக் களிமண் ஒரு காலத்தில் பாறை. பாறையில் உள்ள பெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தை மழைநீர் ஊழிக்காலமாக அரித்தபின் மிஞ்சியது இது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் ஆறு மூலை கொண்ட மெல்லிய தகடுகள் தெரியும். அவற்றின் நடுவே நீர் புகுந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். விரல் சொன்னபடி மண் வளைவது அதனால்தான்.

கிண்ணம் உருவாவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அதன்பின் யாரும் அதைத் தொடுவதில்லை. அச்சில் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடித் துளைகள். அவை கூழிலிருக்கும் நீரை மெல்ல உறிஞ்ச, அச்சின் சுவரை ஒட்டி மண் ஆடை கட்டுகிறது. ஊற்றிய கூழின் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். போதுமான கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். சற்று உலர்ந்தால் மண் சுருங்கி, அச்சை விட்டுத் தானே கழன்று வரும். நீரைத் துளைக்குள் இழுத்த அந்த விசையைப் பள்ளிப் பாடத்தில் நுண்புழை ஏற்றம் என்று படித்திருக்கிறோம். பிள்ளைகளை அழைத்துப் போய் இதைக் காட்டினால் அந்தப் பாடம் உயிரோடு மனத்தில் நிற்கும்.

முதல் சூட்டில் வெந்து வரும் கிண்ணமும் துளை நிறைந்ததுதான். அதை மெருகுக் கரைசலில் முக்கி எடுத்தால் திரும்பவும் அதே விசை. கிண்ணம் நீரைக் குடித்துவிட்டு, கரைசலிலிருந்த பொடியை மேலே பூசிக்கொள்கிறது. அடுத்த சூட்டில் அந்தப் பொடி உருகிக் கண்ணாடியாகிறது. ஆம், பீங்கானின் பளபளப்பு கண்ணாடிதான்! பூசிய பக்கத்தில் மேற்பரப்புத் துளைகளை அது அடைத்துவிடும். சிவப்பு மண் அகலுக்கு இந்தப் பூச்சு கிடையாது. அதனால்தான் புது அகலை நம் வீடுகளில் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த பிறகே எண்ணெய் ஊற்றுகிறார்கள். துளைகளை நீர் முன்பே நிரப்பிவிட்டால் எண்ணெய் கசிவது குறையும். மெழுகு வார்க்க உள்பக்கம் மெருகேற்றிய கிண்ணமே நல்லது.

ஆக, உள்ளே ஊற்றிய மெழுகு வெளியேற ஒரே ஒரு வழிதான் மிச்சம். அதுதான் திரி.

பருத்தி இழை ஒவ்வொன்றும் விதையின் தோலில் முளைத்த ஒற்றை உயிரணு. சுமார் 3 சென்டிமீட்டர் நீளம். அகலமோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காய் வெடித்து வெயில் பட்டதும் இழை உலர்ந்து, தட்டையாகி, முறுக்கிக்கொள்கிறது. அந்த இழைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளில்தான், அதே நுண்புழை விசையால், மெழுகு ஏறுகிறது. பறித்த பஞ்சின்மேல் இயற்கையே மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று இட்டிருக்கிறது; தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் உடனே ஊறும். விளக்கில் திரியாகப்போகும் பொருளைச் செடியிலேயே பக்குவப்படுத்தி வைத்த அந்தக் கருணையை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

சுடராக எரிவது திரி அல்ல, மெழுகின் ஆவி. ஊதி அணைத்ததும் எழும் வெண்புகையில் நெருப்பைக் காட்டினால் சுடர் தாவி இறங்கித் திரியைப் பற்றும். லண்டன் ராயல் நிறுவனத்தில் மைக்கேல் பாரடே சிறுவர்களுக்கு ஆற்றிய மெழுகுவத்தி உரைகளில் இதைச் செய்து காட்டினார். அவை 1861-ல் நூலாக வந்தன. வெறுமனே முறுக்கிய பழைய திரியை அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1825-ல் பிரான்சில் கம்பசெரே என்பவர் திரியைப் பின்னலாகப் பின்னினார். பின்னிய திரி எரியும்போது வளைந்து, சுடரின் வெளி ஓரத்தைத் தொடும். அங்கே சூடு ஏறத்தாழ 1,400 டிகிரி செல்சியஸ் என்பதால் நுனி தானே சாம்பலாகிவிடும்.

சூடான காற்று மேலே போக, அந்த இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. சுடர் கூம்புவது அதனால். எடையற்ற விண்வெளியில் ஏற்றிய மெழுகுவத்தியின் சுடர் நீல உருண்டையாக நின்றது. சுடரையே வணங்கும் ஊர் ஒன்று இந்தப் பக்கத்திலேயே உண்டு. விருத்தாசலத்திலிருந்து கடலூர் போகும் ரயிலில் நெய்வேலியைத் தாண்டினால் வடலூர். 1872-ல் வள்ளலார் அமைத்த சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகள் விலக, கூட்டம் ஜோதியை வணங்குகிறது. சுடருக்குள் நடப்பதை அறிய அறிய அந்த வணக்கம் எனக்கு ஆழமாகிறது.

இனி உங்கள் கைவேலை. கழுத்து குறுகிய ஜாடி வேண்டாம். காற்று திணறிக் கரி படியும். நேரான சுவரோ, மேலே சற்று விரிந்த வாயோ இருக்கட்டும். வாயின் அகலத்துக்கு ஏற்ற கனத்தில் திரி எடுங்கள். மெலிந்த திரி நடுவில் குழி தோண்டி, உருகிய மெழுகிலேயே மூழ்கிவிடும். தடித்தது புகை கக்கும். 8 சென்டிமீட்டருக்கு மேல் அகன்ற கிண்ணத்துக்கு ஒற்றைத் திரி போதாது, இரண்டு வையுங்கள். கண்ணாடிதான் என்றால் கீறலோ குமிழோ இல்லாத, எங்கும் ஒரே கனமுள்ளதாகப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடேறி விரிந்தால் கண்ணாடி விரிசல் விடும். திரி சுவர்ப் பக்கம் சாயாமல் நடுவில் நிற்க வேண்டும். அடியில் ஒரு விரல் மெழுகு மிஞ்சும்போதே நிறுத்திவிடுங்கள். முதல் தடவை ஏற்றும்போது உருகிய மெழுகு கிண்ணத்தின் ஓரத்தைத் தொடும்வரை அணைக்காதீர்கள். பாதியில் ஊதிவிட்டால் அடுத்த முறையும் அந்தக் குழிக்குள்ளேயே உருகி, ஓரத்து மெழுகு கடைசிவரை எரியாமல் நிற்கும்.