அடுக்களையில் கிடந்த சாட்சி

காலேஜில் படிக்கும் என் பெண், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் தன் பாடக் கதையைச் சொன்னாள். 'எ ஜூரி ஆஃப் ஹர் பியர்ஸ்'. அமெரிக்காவின் சூசன் கிளாஸ்பெல் 1917-ல் எழுதியது. நிருபராக இருந்தபோது, 1900-ல் அயோவாவில் நடந்த ஒரு கொலை வழக்கைப் பற்றி எழுதியவராம்; அதுதான் கரு.

கணவன் கழுத்தில் கயிறு இறுகிச் செத்துக் கிடக்கிறான். மனைவி மின்னி சிறையில். காரணம் தேடி ஆண்கள் மாடியை அலசுகிறார்கள். அடுக்களையில் சட்டி பானையைத் தவிர என்ன இருக்கும் என்று இளக்காரம்.

கூட வந்த இரண்டு பெண்கள் கண்ணில்தான் எல்லாம் படுகிறது. பாதி துடைத்த மேஜை. ஒட்டுத்துணி விரிப்பில் ஓரிடத்தில் மட்டும் தாறுமாறான தையல். மனசு சரியில்லாவிட்டால் கை அப்படித்தான் போகும், தைக்கிறவர்களுக்குத் தெரியாதா? தையல் பெட்டியில், பட்டுத்துணி சுற்றி, கழுத்து திருகப்பட்ட கானரிக் குருவி. கல்யாணத்துக்கு முன் மின்னியும் பாடினவள். குருவி யார் என்று எனக்கு யாரும் நோட்ஸ் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

ஆண்கள் அடுக்களைக்குத் திரும்பி வரும்போது குருவி ஒருத்தியின் கோட்டுப் பையில். அவள் பக்கத்துப் பண்ணைக்காரி. ஒரு வருஷத்துக்கு மேலாக மின்னியை எட்டிப் பார்க்கவில்லையே என்று குமுறுகிறாள். எனக்கு அதுதான் சுருக்கென்றது.

எதிர்வீட்டுப் பெண் குடிவந்து எட்டு மாசம். ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும். அன்று சாயங்காலம் கொஞ்சம் ரசம் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.