பன்னிரண்டு கம்பிக்கு ஒரு கேப்போ



எங்கள் பாடல் குழுவுக்குப் பன்னிரண்டு கம்பி கிட்டார் வந்து சேர்ந்த கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஜுபைலில் பல வருஷம் வேலை பார்த்த அண்ணன் ஒருவர், ஃபைனல் எக்ஸிட்டில் ஊருக்குப் புறப்பட்டபோது, "நீங்களே வச்சுக்கோங்க தம்பி, பாட்டு நிக்கக் கூடாது" என்று சொல்லி அதை எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்களுக்கு அது பெரிய கொடை. வீட்டு ஹாலில் பாய் விரித்துக் கூடும் நமக்கு ஆர்கனும் டிரம்ஸும் வைக்க இடம் ஏது? பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவு இல்லாமல் சத்தமும் அளவோடு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில், ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே இரண்டு கிட்டார் சேர்ந்து வாசிப்பதுபோல ஒலிக்கிறது இந்த வாத்தியம். சங்கீதப் புத்தகத்தில் பத்து நரம்பு வீணை வருகிறது. நம்மிடம் அதைவிட இரண்டு அதிகம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. அண்ணன் கிட்டாரைத் தாழ்ந்த சுருதியில் வைத்திருந்தார். காரணம் புரியாமல், சாதாரண கிட்டார் போலவே முழுச் சுருதிக்கு முறுக்கி ஏற்றினோம். பாட்டு நடத்தும் தம்பியின் குரல் உயரமானது. அவருக்காக ஆறு கம்பிக் கிட்டாருக்கு வாங்கிய ஸ்பிரிங் கேப்போவை இரண்டாம் ஃபிரெட்டில் மாட்டி 'ஏ' ஸ்கேலில் வாசித்தோம். மெல்லிய கம்பிகளில் ஒன்று செத்த சத்தம் கொடுத்தது. தடித்த கம்பிகள் சுருதி ஏறிக் கத்தின. சில வாரம் கழித்துப் பார்த்தால், பிரிட்ஜின் பின் ஓரத்தில் ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது.

அதையும்விட எங்களைத் தைத்தது வேறொன்று. பேரப்பிள்ளையைப் பார்க்க விசிட் விசாவில் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டிம்மா, முதல் வாரம் வாய் நிறையப் பாடியவர், அதன்பின் உதடு மட்டும் அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டோம். "மக்களே, நீங்க நல்லாத்தான் வாசிக்கிய. எனக்குத்தான் தொண்டை எட்டல்ல" என்றார். அன்றைக்குத்தான் இதைச் சரியாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உட்கார்ந்தோம். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம்.

கம்பிகளின் கணக்கு

பன்னிரண்டு கம்பி என்றாலும் அவை ஆறு ஜோடிகள். மேல் சுருதியில் உள்ள இரண்டு ஜோடிகளில் ஒரே தடிமனும் ஒரே சுருதியும் கொண்ட இரண்டிரண்டு கம்பிகள். மற்ற நான்கு ஜோடிகளில் ஒன்று தடித்தது. இன்னொன்று அதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய கம்பி. பரவலாகக் கிடைக்கும் ஒரு லைட் செட்டில் மூன்றாம் ஜோடியின் தடித்த கம்பி 0.023 அங்குலம், துணைக் கம்பி 0.008 அங்குலம்தான். கிட்டார் முழுவதிலும் மிக மெல்லியது இதுவே. அந்த வெள்ளி மணிச் சத்தம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது.

சங்கடமும் இங்கேதான். கேப்போவின் ரப்பர் ஒரு ஜோடியை அழுத்தும்போது தடித்த கம்பியின் முதுகில் முதலில் உட்காருகிறது. ரப்பர் கடினமாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பக்கத்தில் தாழ்வாகக் கிடக்கும் மெல்லிய கம்பியை அது எட்டுவதில்லை. அந்தக் கம்பி உறுமும், இல்லையென்றால் ஊமையாகிவிடும். அதற்காக இன்னும் பலமாக அழுத்தினால், தடித்த கம்பிகள் ஃபிரெட்டுக்குப் பின்னால் வளைந்து சுருதி ஏறிவிடும். எங்கள் பழைய கேப்போவில் இரண்டு கேடும் ஒன்றாக நடந்தன.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆறு கம்பிக் கிட்டாரில் ஒரு லைட் செட்டின் மொத்த இழுவிசை சுமார் 160 பவுண்டு. பன்னிரண்டு கம்பியில் அது சுமார் 250 பவுண்டு. முழுச் சுருதியிலிருந்து ஒரு ஸ்வரம், அதாவது இரண்டு ஃபிரெட் அளவு, தாழ்த்தினால் இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அண்ணன் தாழ்த்தி வைத்திருந்தது இதற்காகத்தான். 1949-ல் மறைந்த அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் லெட் பெல்லியும் தம் பன்னிரண்டு கம்பிக் கிட்டாரை வழக்கத்தைவிட நன்றாகத் தாழ்த்தியே வாசித்தார். தாழ்த்தி வைத்துவிட்டு, முழுச் சுருதி வேண்டுமானால் இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ மாட்டுவது இந்த வாத்தியக்காரர்களின் பழைய வழக்கம். ஆகவே இந்தக் கிட்டாருக்குக் கேப்போ ஆடம்பரம் அல்ல.

என்னென்ன வகை

கேப்போ புதிய கருவியும் அல்ல. 'கேப்போடாஸ்டோ' என்ற இத்தாலியச் சொல்லின் சுருக்கம் அது. 'கேப்போ' என்றால் தலை, 'டாஸ்டோ' என்றால் ஃபிரெட். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷ்போர்ன் என்ற கிட்டார் தயாரிப்பாளர் 1850-லேயே ஒரு கேப்போவுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது, ஸ்பிரிங் வகை. ஒரு கையால் கிள்ளி மாட்டலாம். இரண்டு பாட்டுக்கு நடுவே நொடியில் இடம் மாற்றலாம். ஆனால் அழுத்தம் ஸ்பிரிங் கொடுப்பதுதான். கூட்டவோ குறைக்கவோ முடியாது. கைசர் நிறுவனம் பன்னிரண்டு கம்பிக்கென்றே பலமான ஸ்பிரிங்கோடு தனி மாடல் செய்கிறது.

இரண்டாவது, திருகும் லீவரும் சேர்ந்த வகை. உங்கள் கிட்டாரின் கழுத்துத் தடிமனுக்குத் திருகை ஒருமுறை சரிசெய்துவிட்டால், பிறகு லீவரை மடக்கினால் போதும். ஷப் நிறுவனத்தின் சி3 மாடல் பன்னிரண்டு கம்பிக்கானது.

மூன்றாவது, கழுத்தைச் சுற்றிப் பிடித்து அடியிலிருந்து திருகும் வகை. பெய்ஜ் நிறுவனம் இதில் பன்னிரண்டு கம்பிக்கான அளவும் செய்கிறது. மாட்டக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்; அழுத்தம் நேராகவும் சீராகவும் விழும்.

எங்களுக்கு ஒரு கூடுகையில் கேப்போவை இரண்டு மூன்று தடவைதான் மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே வேகம் பெரிதல்ல என்று முடிவுசெய்து இரண்டாவது வகையை எடுத்தோம். பாட்டுக்குப் பாட்டு ஸ்கேல் மாற்றுகிறவர்களுக்குப் பன்னிரண்டு கம்பிக்கான ஸ்பிரிங் வகையே வசதி.

கடையில் சோதிப்பது எப்படி

கேப்போ வாங்கக் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு போங்கள். தம்மாமுக்கு 100 கிலோமீட்டர் போனாலும் சரி, விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் சென்னையில் வாங்கினாலும் சரி, பெட்டியிலிருந்து பார்த்து மட்டும் வாங்காதீர்கள்.

அகலம் பாருங்கள். ஆறு கம்பிக் கிட்டாரின் கழுத்து மேல்முனையில் 43 அல்லது 44 மில்லிமீட்டர் இருக்கும். பன்னிரண்டு கம்பியில் பெரும்பாலும் 48-ஐ ஒட்டி வரும். கேப்போவின் ரப்பர் கடைசிக் கம்பியையும் தாண்டி நிற்க வேண்டும்.

வளைவு பாருங்கள். விரல் பலகை தட்டையாகத் தோன்றினாலும் லேசாக வளைந்திருக்கும். ரப்பர் அந்த வளைவோடு ஒத்துப்போகாவிட்டால் நடுக் கம்பிகளோ ஓரக் கம்பிகளோ விடுபடும்.

பிறகு இரண்டாம் ஃபிரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால், கோணாமல் மாட்டுங்கள். கார்டு வாசித்துப் பார்க்காதீர்கள். கார்டில் குறை மறைந்துவிடும். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். மூன்றாம் ஜோடியின் மெல்லிய கம்பி தெளிவாக ஒலித்தால் மற்றவை பெரும்பாலும் ஒலிக்கும். திருகு வகையாக இருந்தால், தளர்வாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அந்தக் கம்பி ஒலிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். கடைசியாக டியூனர் வைத்து, தடித்த கம்பிகள் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று பாருங்கள். குறைவாக ஏற்றுவதே நல்ல கேப்போ. எதை வாங்கினாலும் மாட்டியபின் ஒருமுறை சுருதி பார்த்தே தீர வேண்டும்.

விலைக்குப் பயப்பட வேண்டாம். இந்தக் கிட்டாருக்கு இரண்டு செட் கம்பி வாங்கும் பணம் ஏறத்தாழ போதும். நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கினோம்.

கட்டையும் கேப்போவும்

கிட்டாரை ஒரு ஸ்வரம் தாழ்த்தியபின் எங்களுக்கு ஒரு புது வசதி கிடைத்தது. ஹார்மோனியம் பழகிய பெரியவர்கள் "உன் கட்டை என்னப்பா?" என்றுதானே கேட்பார்கள்? 'ஜி' கார்டு பிடித்தால் கேப்போ இல்லாமல் 4 கட்டை. முதல் ஃபிரெட்டில் கேப்போ மாட்டினால் நாலரை, இரண்டில் 5, மூன்றில் ஐந்தரை, நான்கில் 6. 'சி' கார்டு பிடித்தால் இரண்டாம் ஃபிரெட்டில் 1 கட்டை, மூன்றில் ஒன்றரை, நான்கில் 2. விரலுக்குத் தெரிந்த இரண்டே அமைப்புகள். எல்லார் குரலுக்கும் இடம்.

கேப்போ சுருதியை ஏற்ற மட்டுமே செய்யும், இறக்காது. ஆகவே கிட்டார் தாழ்ந்து இருந்தால்தான், தாழ்ந்த குரல்காரருக்கும் அதில் இடம் இருக்கும்.

வளைகுடாவில் கவனம்

வெயிலில் நிற்கும் காரில் கிட்டாரை விடவே கூடாது. பிரிட்ஜைப் பிடித்திருக்கும் பசை இளகும். ஏசி அறையிலிருந்து வெளியே போய் வந்தால் அரை மணி நேரம் பெட்டியிலேயே வைத்திருந்து பிறகு சுருதி சேருங்கள். கடல் காற்றின் ஈரத்தில் கம்பி துருப்பிடிக்கும். வாசித்தபின் துடைத்து வையுங்கள். வாசித்து முடிந்ததும் கேப்போவைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் ரப்பரில் கம்பித் தடம் விழுந்து, மெல்லிய கம்பி மறுபடியும் விடுபடும்.

எங்கள் கிட்டாரில் பிரிட்ஜ் இடைவெளி அதன்பின் வளரவில்லை. புதுக் கேப்போவோடு உட்கார்ந்த முதல் வெள்ளிக்கிழமை, ஒரு பாட்டை மட்டும் கேப்போ மாட்டாமலே 4 கட்டையில் எடுத்தோம். உயரக் குரல் தம்பி ஒரு ஸ்தாயி மேலே போய்ச் சேர்ந்துகொண்டார். பாட்டிம்மா இரண்டாவது வரியில் வாய் திறந்தார். கடைசி வரை நிறுத்தவில்லை.

பலமாக அழுத்தினால் எல்லாக் கம்பியும் பேசும் என்றுதான் முன்பு நினைத்திருந்தோம். மெல்லிய கம்பி எங்கே இருக்கிறதோ அங்கே வரைக்கும் இறங்கிப் போகிற மெத்தென்ற ரப்பர்தான் அதைப் பேச வைக்கிறது. அடுத்த முறை பாட்டுக்கு ஸ்கேல் பிடிக்கும்போது, அறையில் யாருடைய குரல் கேட்கவில்லை என்று முதலில் பாருங்கள் தம்பிகளே, தங்கைகளே. கேப்போ எந்த ஃபிரெட்டில் என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.