கரையாது என்று நம்பிய ஈயம்

கல்லூரியில் வேதியியல் கற்பித்த காலத்தில், ஈய சல்பைடு நீரில் கரையாது என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தியதும் சோதனைக் குழாயின் அடியில் கருநிறமாகப் படியுமே, அதுதான். கலக்கினாலும் கரையாது, மீண்டும் அடியில் போய் அமர்ந்துகொள்ளும். இந்தப் பாடத்தை நம்பி ஒரு கடற்கழியையே குப்பைத்தொட்டியாக்கிய வரலாற்றை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தறிந்தேன். பாடம் தவறில்லை. அதைப் பயன்படுத்திய இடம் தவறு.

மேற்கு கிரீன்லாந்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே மார்மோரிலிக் என்றோர் இடம். முன்பு அங்கே பளிங்குக்கல் வெட்டினார்கள். பெயரும் பளிங்கிலிருந்தே வந்தது. எதிரே கடலிலிருந்து செங்குத்தாக எழும் மலைச்சுவரில், இறக்கை விரித்த தேவதையைப் போலக் கரும்பாறைத் திட்டு ஒன்று தெரியும். அதனால் அங்கு 1973-இல் தொடங்கிய ஈய, துத்தநாகச் சுரங்கத்துக்குக் 'கருந்தேவதை' என்று பெயர். சுரங்கவாய் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருந்தது. தொழிலாளர்களும் தாதுவும் கடற்கழியின் குறுக்கே கம்பிவட ஊர்தியில் சென்றுவந்தனர்.

தாதுவை மாவாக அரைத்து, உலோகம் மிகுந்த பகுதியை மிதக்கவைத்துப் பிரித்த பிறகு எஞ்சும் சேற்றை, அஃபர்லிகாசா என்னும் சிறிய ஃபியார்டில் குழாய் வழியே இறக்கினார்கள். அதற்கு இரண்டு காரணங்கள் கூறப்பட்டன. கழிவில் எஞ்சியிருக்கும் ஈயம் சல்பைடாக இருப்பதால் கரையாது என்பது ஒன்று. கடற்கழியின் வாயில் நீருக்கடியில் ஒரு மேடு இருப்பதால், உள்ளே அடிநீர் அசையாமல் தேங்கிக் கிடக்கும், எனவே கழிவு வெளிக்கடலுக்குப் போகாது என்பது மற்றொன்று. காகிதத்தில் இரண்டும் பொருத்தமாகவே இருந்தன.

சுரங்கம் இயங்கத் தொடங்கிய சிறிது காலத்திலேயே இரண்டும் பொய்த்தன. கழிவிலிருந்த ஈயம் முழுவதும் சல்பைடாக இல்லை. கரையக்கூடிய வடிவில் இருந்த பகுதி கடல்நீரில் இறங்கியது; துத்தநாகமும் காட்மியமும் உடன் சென்றன. அடிநீரும் அசையாமல் இருக்கவில்லை. குளிர்காலத்தில் கடல் உறையும்போது பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளிவிடுகிறது. அந்த உப்பால் கனத்த மேல்நீர் கீழே இறங்க, அடிநீர் மேலெழுந்தது. கோடையில் மட்டும் அளந்து பார்த்தால் இது கண்ணில் படாது. பக்கத்திலிருந்த பெரிய ஃபியார்டின் மட்டிகளிலும் கடற்பாசியிலும் ஈயம் ஏறியது. அப்பகுதியின் மட்டிகளை உண்ண வேண்டாம் என்று மக்கள் எச்சரிக்கப்பட்டார்கள். வேட்டையும் மீன்பிடிப்புமே வாழ்வான ஒரு சமூகத்துக்கு இது எளிய அறிவுரை அல்ல.

கழிவில் எஞ்சும் ஈயத்தைக் குறைக்க வழிமுறைகளை மாற்றினார்கள். ஓரளவு பலனும் கிடைத்தது. 1990-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நீரில் உலோக அளவு இறங்கியது. ஆயினும் பல பத்தாண்டுகள் கடந்தும் அங்குள்ள உயிரினங்களில் ஈயம் இயல்பளவுக்குத் திரும்பவில்லை. பதினேழு ஆண்டுகள் இயங்கிய சுரங்கத்தின் கழிவு கடலடியில்தான் இருக்கிறது.

துருவக் கடலடியை மற்றக் கடலடிகளைப் போல எண்ணக்கூடாது. பல இடங்களில் அங்கே புதிய வண்டல் மிக மெதுவாகவே சேர்கிறது. மாசை மூடிப் புதைக்க நெடுங்காலம் ஆகும். புதைந்தாலும் நிம்மதியில்லை. ஆழம் குறைந்த பகுதிகளில் தரைதட்டும் பனிமலைகள் ஏர் உழுவதுபோல் கடலடியைக் கிளறிவிடுகின்றன. குளிரில் உயிர்கள் மெல்ல வளர்கின்றன, பிந்திப் பருவமடைகின்றன. கடற்பஞ்சு நிறைந்த ஒரு கடலடி அழிந்தால் மீண்டு வர மனித ஆயுள் போதாமல் போகலாம்.

அண்டார்க்டிகாவில் சுரங்கம் கிடையாது. அங்கே உலோகத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அறிவியலாளர்களும் அவர்களுக்கு உதவச் சென்றவர்களும்தான். அமெரிக்காவின் மெக்முர்டோ நிலையத்துக்கு அருகே 'வின்டர் குவார்ட்டர்ஸ் பே' என்னும் சிறு குடா உள்ளது. ஸ்காட்டின் முதல் பயணக்குழு கப்பலை நிறுத்திக் குளிர்காலத்தைக் கழித்த இடம் அது. குப்பையைக் கடற்பனிமேல் குவித்துவைத்தால், கோடையில் பனி உடைந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்பது பிற்காலத்தில் அங்கே நெடுநாள் நிலவிய வழக்கம். பழைய வாகனங்கள், பீப்பாய்கள், இயந்திரப் பாகங்கள் எல்லாம் குடாவின் அடியில் போய்ச் சேர்ந்தன. அந்த வண்டலில் எண்ணெயும் நச்சு வேதிப்பொருள்களும் உலோகங்களும் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். சற்றுத் தள்ளியுள்ள கடலடியில் வாழும் பலவகை உயிர்களுக்கு மாறாக, இங்கே மாசைத் தாங்கும் சில வகைப் புழுக்களே மிகுந்திருந்தன.

ஆஸ்திரேலியாவின் கேசி நிலையத்திலும் இதே கதைதான். தாலா பள்ளத்தாக்கில் கொட்டிய குப்பையினூடே ஒவ்வொரு கோடையிலும் உருகுநீர் ஓடி, ஈயம், தாமிரம், துத்தநாகம் ஆகியவற்றைக் கீழிருந்த குடாவில் சேர்த்தது. 2003-04 கோடையில் அந்தக் குப்பையைத் தோண்டியெடுத்துக் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கே கொண்டுசென்றார்கள். பாராட்ட வேண்டிய செயல். ஆனால், நிலத்துக் குப்பையைத்தான் அள்ள முடிந்தது. குடாவின் வண்டலை அள்ளப் புகுந்தால், அடங்கிக் கிடக்கும் உலோகம் மறுபடி நீரில் கலக்கும். அள்ளுவதா, விடுவதா என்ற கேள்விக்கு இத்தகைய இடங்களில் நல்ல விடை இல்லை.

துருவ வண்டலில் காணும் உலோகமெல்லாம் மனிதன் போட்டதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பாறையிலேயே உலோகம் உண்டு. அண்டார்க்டிகக் கடலின் ஒருவகைச் சிப்பியில் மாசற்ற இடத்திலும் காட்மியம் மிகுந்திருக்கிறது, அது இயற்கை. ஆகவே வெறும் அளவைப் பார்த்து அலறக்கூடாது. வண்டலைத் தூண்போல் வெட்டியெடுத்து, ஏறத்தாழ 22 ஆண்டு அரைவாழ்வுடைய ஈயம்-210 என்னும் கதிரியக்க ஐசோடோப்பைக் கொண்டு ஒவ்வொரு அடுக்கின் வயதையும் கணிக்கிறார்கள். சாதாரண ஈயத்தின் ஐசோடோப்பு விகிதமோ அது எந்தத் தாதுவிலிருந்து வந்தது என்பதைக் கைரேகைபோல் காட்டிக்கொடுக்கும். இம்முறையில் பனித்தூண்களை ஆராய்ந்தபோது வெளிப்பட்ட உண்மை என்னை உலுக்கியது. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் தாதுவின் அடையாளம் கொண்ட ஈயம் 1889 அளவிலேயே அண்டார்க்டிகப் பனியில் விழுந்திருக்கிறது. அமுண்ட்சென் தென்துருவத்தில் கால்பதித்தது 1911-இல். மனிதன் தென்துருவத்தை அடைவதற்கு முன்பே அவனுடைய புகை அந்தக் கண்டத்தை அடைந்துவிட்டது.

1991-இல் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் உடன்படிக்கை அண்டார்க்டிகாவில் சுரங்கத் தொழிலைத் தடுக்கிறது. கழிவைத் திருப்பியெடுத்துச் செல்லவும் விதிகள் வகுத்திருக்கிறது. மைத்ரி, பாரதி ஆகிய நிலையங்களை நடத்தும் இந்தியாவும் 2022-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. வடதுருவத்துக்கு அப்படியொரு பொது உடன்படிக்கை இல்லை. அங்கே அந்தந்த நாட்டின் கடல் அந்தந்த நாட்டுக்கு.

அதனால்தான் நார்வேயின் வடகோடியிலுள்ள ரெப்பார் ஃபியார்டு பற்றிய செய்திகளை விடாமல் படித்துவருகிறேன். அங்கே அமையும் தாமிரச் சுரங்கத்தின் கழிவைக் கடற்கழியின் அடியில் கொட்ட அரசு அனுமதித்திருக்கிறது. கழிவு அடியிலேயே தங்கும் என்பதுதான் இங்கும் வாதம். சாமி மக்களும் மீனவர்களும் சூழலியல் இளைஞர்களும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்துவருகிறார்கள். நாற்பது ஐம்பது ஆண்டுகளில் அளவிடும் கருவிகள் வெகுவாக முன்னேறிவிட்டன, மார்மோரிலிக்கில் நேர்ந்தது இங்கும் நேரும் என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால், அனுமதி தருபவர்கள் பார்க்க வேண்டியது கிரீன்லாந்தை மட்டுமல்ல. ரெப்பார் ஃபியார்டிலேயே 1970-களில் வேறொரு தாமிரச் சுரங்கத்தின் கழிவைக் கொட்டினார்கள். அந்தத் தாமிரம் அதே கடற்கழியின் வண்டலில் இன்றும் இருக்கிறது.