லினாட்டே விமானநிலைய விபத்து: 118 உயிர்களுக்கு யார் பொறுப்பு?

புலம்பெயர்ந்து வாழும் எந்தத் தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது விமானநிலையம் போகாமல் முடியாது. அண்ணன் கனடாவில், தங்கை சுவிசில், அம்மா ஊரில் என்று சிதறிக் கிடக்கிறோம். கல்யாணவீடு என்றாலும் செத்தவீடு என்றாலும் யாரோ ஒருவர் விமானம் ஏறித்தான் வரவேண்டும். விமானம் மேலே எழும்பும்வரை நெஞ்சு படபடக்கும். எழும்பிவிட்டால் கடவுள் விட்ட வழி என்று கண்ணை மூடிக்கொள்வோம்.

ஆனால் உலக விமானப் போக்குவரத்து வரலாற்றில் ஒரே விபத்தில் ஆகக்கூடிய உயிர்கள் போனது வானத்தில் அல்ல. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனெரீஃப் தீவில், பனிமூட்டத்துக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகாமல் இருக்க, மற்றது எழும்புவதற்காக ஓடத் தொடங்கியதே காரணம்.

இருக்கக்கூடாத நேரத்தில் ஒரு விமானமோ வாகனமோ மனிதரோ ஓடுபாதைக்குள் இருப்பதைத்தான் 'ஓடுபாதை ஊடுருவல்' என்கிறார்கள். பெரும்பாலானவை எவருக்கும் சேதமின்றி முடிந்துவிடுகின்றன. சில முடிவதில்லை. அப்படி முடியாமற்போன ஒன்றை, இத்தாலியின் மிலான் நகர் லினாட்டே விமானநிலையத்தில் நடந்ததை, இங்கே விரிவாகப் பார்ப்போம். கணக்கியல் படித்து, கணக்கு எழுதியே காலம் தள்ளும் எங்களுக்கு இந்த விபத்தின் விசாரணை அறிக்கை ஒரு கணக்காய்வு அறிக்கையைப் போலவே தெரிகிறது.

அன்று நடந்தது

2001 ஒக்டோபர் 8, திங்கட்கிழமை காலை. நியூயோர்க் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. லினாட்டேயில் கடும் பனிமூட்டம். 200 மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. எஸ்.ஏ.எஸ் நிறுவனத்தின் எம்.டி. 87 விமானம் 104 பயணிகளுடனும் 6 பணியாளர்களுடனும் கோப்பன்ஹேகனுக்குப் புறப்படத் தயாராக நின்றது. அதே நேரம் விமானநிலையத்தின் மேற்குப் பக்கத் தரிப்பிடத்தில் செஸ்னா ரகச் சிறிய ஜெட் விமானம் ஒன்றும் புறப்பட ஆயத்தமானது. அதில் இரண்டு விமானிகள், இரண்டு பயணிகள். அன்று காலைதான் அது ஜேர்மனியில் இருந்து வந்திறங்கியிருந்தது.

மேற்குத் தரிப்பிடத்தில் இருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. 'ஆர் 5' என்ற பாதை வடக்கே திரும்பி, ஓடுபாதையின் முனையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகும். 'ஆர் 6' தென்கிழக்கே போய் ஓடுபாதையை நேரே குறுக்கறுக்கும். ஆர் 5 வழியாக வடக்கே போகும்படி கட்டுப்பாட்டாளர் செஸ்னாவுக்குச் சொன்னார். விமானியும் 'ஆர் 5' என்றே திருப்பிச் சொன்னார். ஆனால் பனிமூட்டத்தில் செஸ்னா திரும்பியது ஆர் 6 பக்கம்.

காலை 8.10 மணி. புறப்பட அனுமதி பெற்ற பெரிய விமானம் மணிக்கு சுமார் 270 கிலோமீற்றர் வேகத்தில் மூக்கைத் தூக்கும் கணத்தில், குறுக்கே வந்த செஸ்னாவுடன் மோதியது. வலப்பக்க இயந்திரம் கழன்று விழுந்தது. வலப்பக்கச் சில்லும் போனது. சுமார் 12 விநாடிகள் மட்டுமே காற்றில் நின்ற விமானம் மீண்டும் தரையில் விழுந்து, சறுக்கிக்கொண்டு போய் ஓடுபாதைக்கு அப்பால் இருந்த பயணப் பொதிகள் பிரிக்கும் கட்டடத்துக்குள் புகுந்தது. விமானத்தில் இருந்த 110 பேரும், செஸ்னாவில் இருந்த 4 பேரும், அந்தக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த 4 பேரும் இறந்தார்கள். மொத்தம் 118.

எரியும் கட்டடத்தை நோக்கித் தீயணைப்பு வண்டிகள் ஓடின. ஓடுபாதையில் இன்னொரு விமானமும் எரிகிறது என்பது 20 நிமிடங்களுக்கு மேலாக எவருக்கும் உறுதியாகத் தெரியாது. கோபுரத்தில் இருந்தவர்களின் கண்ணுக்கு எட்டியது வெள்ளைப் பனி மட்டுமே.

'எஸ் 4' என்ற பெயர்

மேலோட்டமாகப் பார்த்தால் விடை இலகுவானது: செஸ்னா விமானி தவறான பாதையில் போனார், விபத்து நடந்தது. விமானி இறந்தும் போனார். கோப்பை மூடிவிடலாம்.

இத்தாலிய விமானப் பாதுகாப்பு விசாரணை அமைப்பு கோப்பை அப்படி மூடவில்லை. 2004 ஜனவரியில் வெளியான அதன் இறுதி அறிக்கை, செஸ்னா ஓடுபாதைக்குள் நுழைந்ததே உடனடிக் காரணம் என்று சொல்லிவிட்டு, அந்தத் தவறுக்கு இடம் கொடுத்த சூழல் என்ன என்று ஒவ்வொன்றாக அடுக்கியது.

அதில் எங்களை மிகவும் உலுக்கியது ஒரு சின்ன விடயம். ஆர் 6 வழியே போய்க்கொண்டிருந்த விமானி, தரையில் எழுதியிருந்ததைப் பார்த்து, 'எஸ் 4' என்ற இடத்தை நெருங்குகிறேன் என்று கோபுரத்துக்குச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. தான் எங்கே நிற்கிறேன் என்பதைச் சரியாகவே சொன்னார். ஆனால் எஸ் 4 என்ற இடம் கட்டுப்பாட்டாளரின் வரைபடத்தில் இல்லை. விமானிகளுக்குக் கொடுக்கப்பட்ட வரைபடத்திலும் இல்லை. முன்னொரு காலத்தில் போட்டுவிட்டுப் பிறகு கைவிட்ட ஒரு திட்டத்தின் அடையாளம் அது. தரையில் மட்டும் அழியாமல் இருந்தது. செஸ்னா ஆர் 5 பாதையில் இருப்பதாகவே நம்பிய கட்டுப்பாட்டாளர், அதே நம்பிக்கையில் மேலே தொடரச் சொன்னார்.

கணக்கு எழுதுபவர்களுக்கு இது நன்கு விளங்கும். பேரேட்டில் இல்லாத ஒரு பெயரில் பற்றுச்சீட்டு ஒன்று வருகிறது. என்ன செய்வோம்? எந்தக் கணக்கிலாவது போட்டுச் சமப்படுத்திவிட முடியாது. தொங்கல் கணக்கில் போட்டுவைத்து, விளக்கம் கிடைக்கும்வரை அதை மூடமாட்டோம். விளங்காத ஒரு சொல் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்து என்ற விதி கோபுரத்திலும் இருந்திருந்தால், அதைக் கடைப்பிடிக்கும் பழக்கமும் இருந்திருந்தால், அன்று அது காப்பாற்றியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கட்டுப்பாட்டாளர் 'வடக்கே' என்று சொன்னார். விமானி திருப்பிச் சொன்னபோது அந்தச் சொல் விடுபட்டிருந்தது. விடுபட்டதை எவரும் கவனிக்கவில்லை. திருப்பிச் சொல்லும் முறை இரட்டைப் பதிவு போன்றது. இரண்டு பக்கமும் சரிபார்க்கப்படாவிட்டால் அது வெறும் சடங்கு.

இல்லாமற்போன காவல்கள்

ஒரு மனிதர் தவறு செய்வார் என்று எதிர்பார்த்தே நல்ல உள்ளகக் கட்டுப்பாடு அமைக்கப்படும். காசோலையில் இரண்டு கையெழுத்துக் கேட்பது ஒருவரைத் திருடன் என்று சொல்வதற்காக அல்ல. ஒருவர் அசந்தால் மற்றவர் பிடிக்க வேண்டும் என்பதற்காக. லினாட்டேயில் அந்த இரண்டாவது கையெழுத்துகள் எல்லாம் எங்கே போயின?

முதலாவது, தரைக் கண்காணிப்பு ரேடார். பனிமூட்டத்திலும் எந்த விமானம் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி அது. பழையதை 1999 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் புதியது வாங்கப்பட்டிருந்தது. ஆனால் விபத்து நடந்த நாள்வரை அது இயங்கவில்லை. அதாவது, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், பனிமூட்டத்துக்குப் பெயர்போன ஒரு நகரத்தின் விமானநிலையம் தரையில் கண் இல்லாமல் இயங்கியது. கணக்குப் புத்தகத்தில் அந்தக் கருவி சொத்தாக இருந்திருக்கும். கோபுரத்தில் இருந்தவருக்கு அது வெறும் பெட்டி.

இரண்டாவது, ஓடுபாதைக்குள் எதுவும் நுழைந்தால் உணர்ந்து எச்சரிக்கும் உணரிகள். அவை சில ஆண்டுகளுக்கு முன்பே செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தன.

மூன்றாவது, பாதை அடையாளங்கள். தரையில் இருந்த எழுத்துகள் தேய்ந்திருந்தன. சர்வதேச விதிகளுக்கு அமைவான பலகைகள் இருக்கவில்லை. செஸ்னா சிவப்பு விளக்கு வரிசை ஒன்றைக் கடந்துதான் ஓடுபாதைக்குள் போனது என்பதும் உண்மை. ஆனால் மேலே போகலாம் என்று கோபுரம் சொன்ன பிறகு அவர்கள் அதைக் கடந்தார்கள்.

நான்காவது, அந்தச் செஸ்னாவின் விமானிகளுக்கு அவ்வளவு குறைந்த பார்வைத் தூரத்தில் விமானத்தை இயக்கும் தகுதி இருக்கவில்லை. அதைச் சரிபார்த்துத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் விமானநிலையத்தில் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இவற்றை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பாதுகாப்பு முகாமைத்துவ முறை லினாட்டேயில் செயற்படவில்லை என்று அறிக்கை சொன்னது. விமானநிலையத்தை நடத்துவது ஒரு நிறுவனம், கோபுரத்தை நடத்துவது இன்னொரு நிறுவனம், இரண்டையும் மேற்பார்வை செய்வது மூன்றாவது அமைப்பு. மூன்று பேருக்கும் பொதுவான வீட்டுக்கு வேலி அடைப்பது யார்? ஆளையாள் பார்த்துக்கொண்டிருக்க, வேலி விழுந்தபடியே கிடந்தது.

நீதிமன்றமும் விசாரணையும்

விமான விபத்து விசாரணையின் நோக்கம் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது அல்ல என்று சர்வதேச விதி சொல்கிறது. அடுத்த விபத்தைத் தடுப்பதே நோக்கம். தண்டிக்கப்படுவோம் என்ற பயம் இருந்தால் எவரும் வாய் திறக்கமாட்டார்கள், உண்மை வெளிவராது என்பது அதன் தர்மம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் 'நாங்கள் பாடம் படித்துக்கொண்டோம்' என்று மட்டும் சொன்னால் அவர் ஏற்பாரா?

இத்தாலியில் இரண்டும் நடந்தன. 2004 ஏப்ரலில் மிலான் நீதிமன்றம் நான்கு பேருக்கு ஆறரை முதல் எட்டு ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதித்தது. அன்று கோபுரத்தில் இருந்த கட்டுப்பாட்டாளருக்கு 8 ஆண்டுகள். மேன்முறையீட்டில் அவருடைய தண்டனை 3 ஆண்டுகளாகக் குறைந்தது. விமானநிலையப் பொறுப்பில் இருந்த இருவர் விடுவிக்கப்பட்டார்கள். 2008 பெப்ரவரியில் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. இறந்தவர்களின் உறவினர்கள் 'ஒக்டோபர் 8' என்ற பெயரில் குழு அமைத்து, விசாரணையையும் வழக்கையும் விடாமல் தொடர்ந்தார்கள். 118 பேருக்காக மிலானின் பூங்கா ஒன்றில் 118 மரங்கள் நடப்பட்டன.

ஆணைக்குழுக்கள் வருவதையும் அறிக்கைகள் அலுமாரிக்குள் போவதையும் பார்த்தே வயதுபோனவர்கள் நாங்கள். அதனால் இந்த முடிவு முழுத் திருப்தி தராவிட்டாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: அறிக்கை வெளியே வந்தது. எவரும் எடுத்து வாசிக்கலாம். ஓடுபாதை ஊடுருவலைத் தடுப்பதற்கான ஐரோப்பியச் செயற்திட்டம் 2003இல் வந்ததற்கு லினாட்டே ஒரு முக்கிய காரணம்.

முடியாத கணக்கு

ஆனாலும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2022 நவம்பரில் பெருவின் லிமா நகரில், புறப்பட ஓடிய விமானத்தின் முன்னே, பயிற்சிக்காக வந்த தீயணைப்பு வண்டி ஓடுபாதையில் குறுக்கிட்டது. தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமானநிலையத்தில், நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவிப் பொருள் கொண்டுபோகவிருந்த கரையோரக் காவல்படை விமானம் அனுமதியின்றி ஓடுபாதைக்குள் நுழைந்து நின்றது. தரையிறங்கிய பெரிய விமானம் அதன்மேல் மோதியது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். அங்கே கருவி இருந்தது. திரையில் எச்சரிக்கையும் காட்டியது. பார்க்க வேண்டியவர்கள் அதைக் கவனிக்கவில்லை. லினாட்டேயில் கண் இல்லை. ஹனேடாவில் கண் இருந்தும் பார்வை இல்லை.

ஆகவே அடுத்தமுறை எங்கேனும் இப்படி ஒரு செய்தி வந்தால், 'விமானியின் தவறு' என்ற முதல்நாள் தலைப்போடு நின்றுவிடாமல் மூன்று கேள்விகளை நாம் கேட்கலாம். இந்தக் குறை முன்பே எவருக்குத் தெரியும்? தெரிந்தும் பொறுத்திருக்கலாம் என்று கையெழுத்து வைத்தவர் யார்? திருத்துவதற்கான பணம் ஒதுக்கப்பட்டிருந்தால் அது எங்கே நின்றது? எந்தக் கணக்காய்விலும் இந்த மூன்றுக்கும் விடை தேடினால் உண்மை ஓரளவுக்காவது வெளியே வரும்.

பயணிகளாக நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஹனேடாவில் எரிந்த பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள். அவர்கள் கைப்பொதிகளை விட்டுவிட்டு இறங்கியது அதற்கு ஒரு பெரிய காரணம். எங்கள் சனம் கைப்பொதிக்குள் நகையும் வைக்கும், மிளகாய்த்தூளும் வைக்கும், அகதிப் பயணப் பத்திரத்தையும் வைக்கும். ஒரு பத்திரத்துக்காக வருடக்கணக்காகக் காத்திருந்தவர்களுக்கு அதை விட்டுவிட்டு ஓடு என்று சொல்வது இலகுவல்ல. ஆகையால் விமானம் புறப்படும்போதும் இறங்கும்போதும் பத்திரங்களைச் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். அம்மா அப்பாவைத் தனியே ஏற்றிவிடும் பிள்ளைகள் இதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மற்றதெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.