அம்மா கொடுத்த ஆயிரம்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைத் தாய்க்கு ஆண்டுக்கு ரூ.15,000. 2020 ஜனவரி 9 அன்று சித்தூரில் 'அம்மா ஒடி' திட்டத்தைத் தொடங்கிவைத்த அன்றைய ஆந்திர முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி, கூடவே ஒரு வேண்டுகோளும் விடுத்தார்: அதில் ரூ.1,000 பள்ளிக் கழிப்பறைப் பராமரிப்புக்கு வேண்டும். மறு ஆண்டே வேண்டுகோள் பிடித்தமாகிவிட்டது. 2025இல் தெலுங்கு தேசம் ஆட்சியில் திட்டம் 'தல்லிக்கி வந்தனம்' ஆனது. பெயர் போனது, பிடித்தம் போகவில்லை: ரூ.2,000.

கழிப்பறை கட்டுவது ஒருமுறைச் செலவு. தண்ணீர், பினாயில், துப்புரவுப் பணியாளர் சம்பளம் தினச் செலவு. அது நின்றால் மாணவிகள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைப்பார்கள். சிறுநீர்த் தொற்று வரும். திருப்பதி வெயிலுக்கு இது விளையாட்டல்ல. பிடித்த பணம் எதற்குச் செலவானது என்று பள்ளிச் சுவரிலேயே எழுதிப்போடலாம். கொடுத்தவள் படித்துப் பார்க்கட்டும்.